வந்தவர் ஒருவர், கேட்டவை இரண்டு

கணக்கில் நேரும் பிழை இருவகைப்படும். விடுபட்டதால் வருவது ஒன்று. மிகுந்ததால் வருவது மற்றொன்று. குறைந்த கணக்கைக் கண்டால் எல்லோரும் காரணம் தேடுவர். மிகுந்த கணக்கைக் கண்டால் பெரும்பாலோர் மகிழ்ந்துவிடுவர். மகிழாது ஐயுறுபவரோ, கணக்கை ஆராயாமல் கணக்கு எழுதியவரையே ஐயுறுவர். நம் சங்கத்தின் நூலக அறையில் அண்மையில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி இதற்குத் தக்க சான்றாக அமைந்தது. வீட்டில் கணினி பயிலும் பிள்ளைகளைப் பெற்றவர்க்கு அது பயன்படும் என்று கருதி, நடந்ததையும் அதன் காரணத்தையும் இங்கே எழுதப் புகுகின்றோம்.

நடந்தது

சங்க நூலகத்திலுள்ள தமிழ் நூல்களின் பட்டியலை அங்கத்தினர் தத்தம் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நம் காரியதரிசி விரும்பினார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பயிலும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்பணியைத் தான் செய்வதாக முன்வந்தாள். அறையில் கிடந்த பழைய கணினியில், பைத்தான் என்னும் கணினி மொழியில் சில வரிகள் எழுதினாள். சங்கக் கட்டடத்தின் வைஃபை இணைப்புக்குள் இருப்பவர் எவரும் ஒரு முகவரியைத் தட்டினால் பட்டியல் தோன்றும். பட்டியல் எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதையும் அந்நிரலே எண்ணி வரும்.

நூலக அறையை மாலை வேளைகளில் டியூஷன் வகுப்புக்கு வாடகைக்கு விடலாம் என்ற பேச்சு நிர்வாகக் குழுவில் எழுந்திருந்த சமயம் அது. ‘படிப்பவர் உண்டா?’ என்ற வினாவுக்கு அந்த எண்ணே விடையாக வேண்டியிருந்தது. மாத முடிவில் எண் 214 என்று காட்டியது. காரியதரிசி மகிழ்ந்தார். ஆயின், நாள்தோறும் மாலையில் அறையைத் திறந்து அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் மகிழவில்லை. "இத்தனை பேர் பார்த்திருந்தால் அலமாரியில் பாதி காலியாகியிருக்குமே!" என்றார். தம் கைப்பேசியை எடுத்து எல்லோரும் காணப் பட்டியலை ஒரேயொரு முறை திறந்தார். எண் 214-லிருந்து 216-க்குத் தாவியது.

அறையில் பேச்சடங்கியது. "அறை போய்விடக் கூடாது என்ற ஆசையில் குழந்தை இரண்டிரண்டாகக் கூட்டிவிட்டாள் போலும்" என்றார் ஓர் அங்கத்தினர். கடுமையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனினும் அச்சொல் அப்பெண்ணைச் சுட்டது. "மாமா, நான் ஒன்று கூட்டு என்றுதான் எழுதியிருக்கிறேன். நீங்களே பாருங்கள்" என்று நம்மிடம் வந்து நின்றாள். பார்த்தோம். ஒன்று என்றுதான் எழுதியிருந்தது.

அவள் எழுதியது ஒன்று. எண் காட்டியது இரண்டு. இரண்டும் உண்மையானால் நடுவே ஏதோ ஒன்று இருத்தல் வேண்டும். அதை அறியும்வரை எவரையும் குறை கூறுவதற்கில்லை என்று சொல்லி, முடிவை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைக்கச் செய்தோம்.

சர்வர் என்பவர் யார்?

நம்மவர்க்குச் சர்வர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் ஹோட்டலில் இட்டிலி கொண்டுவந்து வைப்பவரே. கணினி உலகில் சர்வர் செய்யும் தொழிலும் அதுவேதான். கேட்டதைக் கொடுத்தல், இல்லாததை இல்லை எனல். கேட்கும் பக்கத்தில் இருப்பது பிரௌசர் எனப்படும் உலாவி. கைப்பேசியிலுள்ள குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் ஆகியவை எல்லாம் உலாவிகளே.

மாதுங்காவிலோ கரோல் பாகிலோ உள்ள ஒரு சிற்றுண்டிச்சாலைக்கு நாம் நண்பர் ஒருவரோடு போவதாக வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியதை நண்பரிடம் சொல்கிறோம். அவர் சர்வரிடம் சொல்கிறார். நாம் சொன்னது ‘ஒரு தோசை’ என்பது மட்டுமே. நண்பரோ தோசையைச் சொல்லிவிட்டு, நாம் சொல்லாமலே, "மிளகாய்ப்பொடி இருக்கிறதா?" என்றும் கேட்கிறார். இருந்தால் நன்று, இல்லையென்றால் அதைப் பற்றி நம்மிடம் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். நாமும் அப்படி ஒரு கேள்வி எழுந்ததையே அறியமாட்டோம். ஆனால் சர்வரை எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று கல்லாவில் இருப்பவர் கோடு போட்டு வந்தால், இரண்டு கோடு விழுந்திருக்கும். அந்த இரண்டு கோட்டை இரண்டு ஆள் என்று எண்ணினால் பிழை யாருடையது?

உலாவி என்பது அத்தகைய நண்பரே. நாம் கேட்டதை மட்டும் கேட்டு நிற்பது அதன் வழக்கமன்று.

நாட்குறிப்பு சொன்னது

பைத்தானோடு வரும் எளிய சர்வருக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. வந்த ஒவ்வொரு கேள்விக்கும் அது திரையில் ஒரு வரி எழுதும். எந்த முகவரியிலிருந்து வந்தது, எந்த நேரம், என்ன கேட்கப்பட்டது, என்ன விடை அளிக்கப்பட்டது என்னும் நான்கும் அவ்வரியில் இருக்கும். விடை, எண்ணாகக் குறிக்கப்படும். 200 என்றால் கொடுத்தாயிற்று. 404 என்றால் அப்பொருள் இங்கில்லை. மாணவி அவ்வரிகளை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தாள். இச்செயலே பின்னர் அவளைக் காத்தது.

பெரியவர் திறந்த அந்த ஒரு கணத்துக்கு உரிய இடத்தைப் பார்த்தோம். இரண்டு வரிகள் இருந்தன. இரண்டும் ஒரே கைப்பேசியிலிருந்து, ஒரே நொடியில் வந்தவை. முதல் வரியில் கேட்கப்பட்டது பட்டியல். இரண்டாம் வரியில் கேட்கப்பட்டது ‘ஃபேவிகான்.ஐகோ’ என்னும் கோப்பு. அப்படி ஒரு கோப்பை அவள் வைக்கவுமில்லை. அதன் பெயரை எங்கும் எழுதவுமில்லை. இருந்தும் விடை 200 என்றே பதிவாகியிருந்தது.

ஏனெனில், எவர் எதைக் கேட்டாலும் பட்டியலைக் கொடு, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு என்றுதான் அவள் எழுதியிருந்தாள். என்ன கேட்கப்பட்டது என்று பார்க்கும்படி எழுதவில்லை. மிளகாய்ப்பொடி கேட்டவருக்கும் நம் சர்வர் இன்னொரு தோசையையே கொண்டுவந்து வைத்திருக்கிறார்! படம் ஒன்றை எதிர்பார்த்த உலாவி, வந்தது படமன்று என்று கண்டு பேசாமல் தள்ளிவிட்டது. ஆகவே பார்ப்பவர் கண்ணுக்கு எக்குறையும் புலப்படவில்லை.

இதை உறுதி செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. ‘கர்ல்’ என்பது கட்டளை வரியில் இயங்கும் ஒரு சிறு கருவி. முகவரியைக் கொடுத்தால் அதை மட்டும் கேட்டு, வந்ததை அப்படியே காட்டி நின்றுவிடும். மாணவி கர்ல் கொண்டு பட்டியலைக் கேட்டாள். எண் ஒன்றே ஒன்று கூடியது. மீண்டும் கேட்டாள், மீண்டும் ஒன்று. உலாவியில் திறந்தாள், இரண்டு கூடியது. நிரல் ஒன்றே, கேட்டவர்தாம் வேறு. அவள் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டுவதில்லை.

சின்னம் வந்த வரலாறு

உலாவிக்கு இப்பழக்கம் எப்படி வந்தது என்பது சுவையானது. ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை அமைத்தபோது நடைமுறை மிக எளிதாக இருந்தது. 1991-இல் வழங்கிய முதல் விதிப்படி, உலாவி ஒரு வரி கேட்கும். சர்வர் ஒரு பக்கம் கொடுக்கும். அதோடு தொடர்பு முடியும். 1993-இல் மொசைக் என்னும் உலாவி, எழுத்துக்கு நடுவே படத்தையும் காட்டத் தொடங்கியது. அது பரவியபின், ஒரு பக்கத்தைத் திறந்தால் அதிலுள்ள படங்களுக்கும் தனித்தனியே கேள்வி போகலாயிற்று. ஆயினும் அவை பக்கத்தை எழுதியவர் பெயர் சொல்லிக் குறித்த பொருள்கள். கேள்வி வருவதில் வியப்பில்லை.

எழுதியவர் குறிக்காத பொருளையும் தேடும் வழக்கம் 1999-இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-ஆம் பதிப்பு, ஒரு தளத்தைப் பயனர் தமக்கு விருப்பமானவற்றின் பட்டியலில் சேர்த்தால், அத்தளத்தின் தலைவாயிலில் ‘ஃபேவிகான்.ஐகோ’ என்னும் சிறு சின்னம் உண்டா என்று கேட்டது. அவ்வுலாவியில் அப்பட்டியலுக்கு ‘ஃபேவரிட்ஸ்’ என்று பெயர். அதன் முன்பாதியும் சின்னத்தைக் குறிக்கும் ‘ஐகான்’ என்ற சொல்லும் சேர்ந்து பெயராயின. அக்காலத்தில் இக்கேள்வி ஒரு பயனும் தந்தது. சின்னம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதைக் கொண்டு, தம் தளத்தை எத்தனை பேர் விருப்பப் பட்டியலில் சேர்த்தனர் என்பதைத் தளத்தார் ஏறக்குறைய மதிப்பிட்டனர்.

பின்னர் வந்த உலாவிகள் இச்சின்னத்தைத் திறந்த ஒவ்வொரு தாவலின் தலையிலும் காட்டத் தொடங்கின. அதனால் விருப்பப் பட்டியலில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் கேள்வி வருகிறது. அந்தப் பழைய மதிப்பீடும் பொருளற்றுப் போயிற்று. பக்கத்தில் சின்னம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் உலாவி தலைவாயிலில் அக்கோப்பைத் தேடலாம் என்று இன்றைய எச்.டி.எம்.எல். விதிநூலும் இடம் தருகிறது. ஆகவே இது திருட்டும் அன்று, பழுதும் அன்று, விதிக்குட்பட்ட வழக்கமே.

சொல்லாமல் வரும் மற்றவை

நாட்குறிப்பை முழுவதும் படித்தபோது வேறு சிலவும் தென்பட்டன. ‘ஆப்பிள்-டச்-ஐகான்’ என்று தொடங்கும் பெயர்கள் பல வரிகளில் இருந்தன. ஐஃபோன் தன் முகப்புத் திரையில் பதிப்பதற்குரிய பெரிய சின்னத்தை இப்பெயரில் தேடும். ஒரு பெயரில் கிடைக்காவிடின் அதையொத்த மற்றொரு பெயரிலும் தேடிப் பார்க்கும்.

உலாவி முந்திக்கொள்வதும் உண்டு. முகவரிப் பட்டையில் நாம் பாதி தட்டும்போதே, வழக்கமாகப் போகும் இடம் இதுதான் என்று குரோம் ஊகித்து, நாம் ஒப்புதல் தருமுன்பே பக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும். நாம் மனம் மாறி வேறிடம் போனாலும் கேள்வி வந்தது வந்ததே. இவ்வாறு முன்கூட்டிக் கேட்கும்போது, இது முன்னேற்பாடு என்று அறிவிக்கும் குறிப்பு ஒன்றையும் உடன் அனுப்புகிறது. படிக்கத் தெரிந்த சர்வர் அதைப் படித்து ஒதுக்கலாம்.

வாட்ஸ்அப்பில் ஒரு முகவரியை எழுதினால் கீழே சிறு முன்னோட்டம் தோன்றுகிறதல்லவா? அதற்காக அச்செயலியும் பக்கத்தைத் தானே கேட்டுப் பெறுகிறது. காரியதரிசி கட்டடத்துக்குள் இருந்துகொண்டே நம் முகவரியைக் குழுவில் பகிர்ந்தபோதெல்லாம் எண் கூடியிருக்கும். அதைப் படித்தவர் எவரும் இல்லை.

நிரல் எழுதுவோர் குரோமின் ஆய்வுக் கருவிகளைத் திறந்துவைத்துத் தம் கணினியிலேயே சோதிக்கும்போது, அதற்கென ஓர் அமைப்புக் கோப்பைத் தேடும் கேள்வியும் 2025 முதல் வருகிறது. தம் நாட்குறிப்பில் புதிதாக ஒரு 404 கண்டு திகைக்கும் மாணவர் இதை நினைவில் கொள்க.

இவை அனைத்தினும் விந்தையானது ஒன்று உண்டு. டிக்கெட் சாளரத்தருகே பணி செய்வோர் நன்கறிந்த காட்சி அது. ஒருவர் வரிசையில் முன்னேறிச் சாளரத்தில் வந்து நிற்பார், எந்த ஊருக்கு என்று சொல்லமாட்டார், பின்னாலிருப்பவரோ பொறுமையிழப்பர். உலாவிகளும் அவ்வாறே, பின்னால் தேவைப்படலாம் என்று கருதி, எதையும் கேட்காமல் ஒரு தொடர்பை மட்டும் திறந்து வைத்துக்கொள்வதுண்டு. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் கவனிக்கும் எளிய சர்வர், இவர் வாய்திறக்கட்டும் என்று காத்து நின்றுவிடும். சில மாலைகளில் நம் பட்டியல் தோன்றாமல் நின்றுபோனதற்கு இதுவே காரணமாயிருந்தது. இத்தகையோரைச் சமாளிப்பதற்கென்றே, பல சாளரங்களைத் திறந்தாற்போல ஒவ்வொரு தொடர்பையும் தனித்தனியே கவனிக்கும் சர்வர் ஒன்று 2018-இல் வெளியான பைத்தான் 3.7 பதிப்பில் சேர்க்கப்பட்டது. மாணவி நிரலில் ஒரு சொல்லை மாற்றி அதைக் கைக்கொண்டாள். பட்டியல் அதன்பின் நிற்கவில்லை.

பாதியாக்கினால் போதாதா?

அடுத்த ஞாயிறு குழு கூடிற்று. கர்ல் சோதனையை மாணவியே செய்து காட்டினாள். "சரி, இரண்டிரண்டாகக் கூடியிருக்கிறது. 214-ஐப் பாதியாக்கி 107 என்று எழுதிவிடுவோம்" என்றார் பொருளாளர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆயின் அதுவும் பிழையே.

உலாவிகள் எல்லாம் ஒரே வகையாய் நடப்பதில்லை. சில ஒவ்வொரு முறையும் சின்னத்தைக் கேட்கின்றன. சில ஒரு முறை கேட்டு, கிடைத்ததையோ கிடைக்காததையோ நினைவில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்பதில்லை. சில இரண்டு மூன்று பெயர்களில் கேட்கின்றன. ஆகவே எந்த ஒரு எண்ணாலும் வகுத்து உண்மையைப் பெற இயலாது. வரி வரியாகப் பிரித்தே ஆக வேண்டும்.

பிரித்தோம். 214 வரிகளில் பட்டியலைக் கேட்டவை 96. ஃபேவிகானைக் கேட்டவை 83. ஐஃபோன் சின்னங்களைக் கேட்டவை 35. கூட்டினால் 214 சரியாக வந்தது. எண்ணும் நிரலில் பொய்யில்லை. அது கேள்விகளை எண்ணியது, நாம் அவற்றை மனிதர் என்று படித்தோம். அவ்வளவே.

அந்த 96-இலும் வாட்ஸ்அப் கேட்டது, உலாவி முந்திக் கேட்டது ஆகியவை கலந்திருக்கக்கூடும். பைத்தானின் எளிய நாட்குறிப்பு, கேட்ட செயலி இன்னதென்று எழுதுவதில்லை. மேலும், ஒருவரே மூன்று முறை திறந்தால் மூன்று என்றே எண்ணப்படும். எனவே ‘96 பேர்’ என்று எழுதாமல், ‘பட்டியல் 96 முறை கேட்கப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதச் சொன்னோம். பேருக்கும் முறைக்கும் உள்ள வேறுபாடு, பிரயாணிக்கும் பிரயாணத்துக்கும் உள்ள வேறுபாடு போன்றது.

செய்ய வேண்டியவை

வீட்டில் பிள்ளைகள் இத்தகைய சிறு சர்வர் அமைத்தால் பின்வருவனவற்றைச் சொல்லித் தருக.

முதலாவது, என்ன கேட்கப்பட்டது என்று பார்த்தபின் விடை தருமாறு நிரலை எழுத வேண்டும். பட்டியலைக் கேட்டால் பட்டியல். இல்லாததைக் கேட்டால் 404. இல்லை என்று சொல்வது சர்வருக்கு இழுக்கன்று. பட்டியல் கேட்கப்பட்டபோது மட்டுமே எண்ணிக்கை கூட வேண்டும்.

இரண்டாவது, சிறு சின்னம் ஒன்றை வரைந்து, ஃபேவிகான் என்ற பெயரில் தலைவாயிலில் வைத்துவிடலாம். பல உலாவிகள் அதை வாங்கிச் சேமித்துக்கொண்டு மறுபடி கேட்பதைக் குறைத்துக்கொள்ளும். நம் மாணவி திறந்த ஏடு ஒன்றின் படத்தை வரைந்து வைத்திருக்கிறாள். தாவலின் தலையில் அழகாகத் தெரிகிறது.

மூன்றாவது, கேட்ட செயலியின் பெயரையும் முன்னேற்பாட்டுக் குறிப்பையும் நாட்குறிப்பில் சேர்த்து எழுதச் செய்ய வேண்டும்.

நான்காவது, ஐயம் எழுந்தால் கர்ல் கொண்டு ஒரு முறையும் உலாவி கொண்டு ஒரு முறையும் கேட்டு ஒப்பிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் சர்வர் கட்டடத்துக்குள் மட்டும் இயங்குவது. உலகம் முழுதும் காணும்படி திறந்துவிட்ட சர்வர்களுக்கு, அறியாத முகவரிகளிலிருந்து, நிர்வாக நுழைவாயிலையும் கடவுச்சொல் கோப்புகளையும் தேடும் கேள்விகள் வருவது வழக்கம். அவற்றை உலாவியின் பழக்கம் என்று எண்ணி அசட்டையாய் இருந்துவிடலாகாது. பக்கத்தைக் கேட்ட அதே முகவரியிலிருந்து, அதையடுத்து, சின்னத்தைக் கேட்கும் வரி வந்தால் அஞ்ச வேண்டா. பக்கத்தையே கேளாமல் பூட்டை மட்டும் தடவிப் பார்க்கும் வரி வந்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

முடிவு

நூலக அறை என்னவாயிற்று என்று அன்பர்கள் கேட்கலாம். எண் 214-லிருந்து 96-ஆகக் குறைந்ததும் அறை போய்விடும் என்றே நாமும் அஞ்சினோம். அப்பொழுது அந்தப் பெரியவர் எழுந்து, நூல் இரவல் பதிவேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். பட்டியல் வந்த மாதத்தில் கையெழுத்திட்டு நூல் வாங்கிச் சென்றவர்களின் பக்கங்கள், அதற்கு முந்திய மாதத்துப் பக்கங்களைவிட மிகுதியாயிருந்தன. "இது மனிதர் கையெழுத்து. இதில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்றார். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வரையில் அறை நூலகமாகவே இருக்கட்டும் என்று குழு முடிவு செய்தது.

சிரித்துக்கொண்டே ஐயுற்ற அங்கத்தினர் மாணவியிடம் சென்று, "தவறாகச் சொல்லிவிட்டேன், அம்மா" என்றார். அவள் பெருந்தன்மையோடு, "நானும் என்ன கேட்டார்கள் என்று பார்க்காமல் எண்ணிவிட்டேன், மாமா" என்றாள்.

இருவர் பிழையும் ஒன்றே என்பதை எண்ணிப் பார்த்தோம். அவள், கேட்டது இன்னதென்று பாராமல் எண்ணினாள். அவர், எண்ணியது இன்னதென்று பாராமல் பேசினார். அயலூரில் நாலு பேர் கூடித் தமிழ் வளர்க்கும் நமக்குள் இத்தகைய ஐயம் நெடுநாள் நிற்கலாகாது. நாட்குறிப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்க ஒரு மாலைப்பொழுதே போதுமானதாயிருந்தது.